புதுச் சென்சார் போட்ட பிறகும் எரியும் விளக்கு

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. வண்டியில் பிக்கப் இல்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 3,000 சுற்றைத் தாண்ட மறுக்கிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ‘ரெயில் பிரஷர் சென்சார் போச்சு’ என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டி அனுப்புகிறார்கள். சில நாள் நன்றாக ஓடுகிறது. ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அதே விளக்கு, அதே எண். புதுச் சென்சாரும் போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. பழையதும் போயிருக்க வாய்ப்புக் குறைவு.

திரும்பத் திரும்ப வரும் சென்சார் கோளாறு பெரும்பாலும் சென்சாருக்கு வெளியே இருக்கிறது: கப்ளரில், வயரில், எர்த்தில், அல்லது சென்சார் அளக்கும் டீசலிலேயே. அதைத் தேடும் வரிசையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. உதாரணமாக ரெயில் பிரஷர் சென்சாரை, அதாவது இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்த டீசலைப் பங்கிடும் ‘ரெயில்’ என்ற குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் லட்சக்கணக்கில் ஓடும் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினில் தொடங்கி ஏறக்குறைய எல்லா காமன் ரெயில் டீசல் வண்டிக்கும் இந்த வரிசை பொருந்தும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் எதையும் கழற்றாதீர்கள். முதல் கட்டத்தை மட்டும் செய்து, எழுதியதை சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

எண் எதைக் குற்றம் சொல்கிறது?

ஸ்கேனர் காட்டும் எண் ஒரு சுற்றில் எங்கோ கோளாறு என்று சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. ரெயில் பிரஷர் விஷயத்தில் எண்கள் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன. நீங்கள் எந்தக் குடும்பத்தில் இருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

- பி 0190, பி 0192, பி 0193: மின்சுற்றுக் கோளாறு. 0192 என்றால் சிக்னல் வோல்டேஜ் வரம்புக்குக் கீழே. 0193 என்றால் வரம்புக்கு மேலே.
- பி 0087, பி 0088: ரெயிலில் அழுத்தம் உண்மையிலேயே குறைவு அல்லது அதிகம் என்று இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது இ.சி.எம்., நம்புகிறது. இங்கே சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.
- பி 0191: இரண்டுக்கும் நடுவில். சிக்னல் வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் நம்பும்படியாக இல்லை.

பி 0087 வந்த வண்டிக்குச் சென்சார் மாற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, அதிகம் செலவு வைக்கும் தவறும் அதுவே. அடைத்துப்போன டீசல் ஃபில்டருக்குப் பல ஆயிரம் ரூபாய்ச் சென்சார் எப்படி மருந்தாகும்?

தெரிந்துகொள்ள வேண்டிய தியரி இவ்வளவுதான். இந்தச் சென்சாருக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தமே இல்லாதபோது சிக்னல் சுமார் 0.5 வோல்ட், உச்ச அழுத்தத்தில் சுமார் 4.5 வோல்ட். 0 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியான அளவாக எப்போதும் வராது. அப்படி வந்தால் வயர் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று இ.சி.எம். புரிந்துகொள்ளும்.

கைவைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கார் டயரில் இருப்பது 2.2 பார் அழுத்தம். காமன் ரெயிலில் 1,600 பார் வரை போகும். புதிய இன்ஜின்களில் அதற்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகப் பீய்ச்சும் டீசல், கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும்.

1. இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய்களின் நட்டைத் தளர்த்தாதீர்கள். பழைய டீசல் இன்ஜின்களில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்துப் பழகிய கை இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பழக்கம் காமன் ரெயிலில் ஆளைக் கொல்லும்.
2. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டை ஒரு குச்சியில் செருகிக் காட்டுங்கள். ஈரம் படிந்தால் கசிவு அங்கே.
3. டீசல் தோலுக்குள் போனதாகச் சந்தேகம் வந்தாலே உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காயம் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனாலும் அது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். ‘உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.
4. இன்ஜெக்டருக்குப் போகும் வயர்களில் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வரும். இன்ஜின் ஓடும்போது அவற்றைத் தொடவோ கழற்றவோ கூடாது.
5. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் ஓடத் தொடங்கலாம். துண்டு, தாவணி, தொங்கும் சட்டைக்கை எதுவும் அருகில் வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்டாதீர்கள்.
6. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். அப்போது எழும் வோல்டேஜ் இ.சி.எம்-ஐயே தின்றுவிடும்.

தேவையான கருவிகள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. மினிமம்-மேக்ஸிமம் பதியும் வசதி இருந்தால் மிக நல்லது. போனோடு இணையும் எல்ம் 327 வகை ஓ.பி.டி. கருவி ஒன்று, லைவ் டேட்டா காட்டும் செயலி ஒன்று. கப்ளரின் பின்புறமாக நுழைக்க மெல்லிய பேக்-புரோப் ஊசிகள். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, தலையில் கட்டும் விளக்கு, சிறு கண்ணாடி, ஒரு நோட்டுப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வண்டிக்கான வயரிங் படம். வயர் நிறம் மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வீட்டு வண்டியில் சிவப்பு 5 வோல்ட்டாக இருந்தது என்பதை நம்பி இங்கே அளக்காதீர்கள்.

கவனம்: பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை சென்சார் வயரில் வைக்காதீர்கள். அது இழுக்கும் கரண்ட்டை இ.சி.எம்-இன் 5 வோல்ட் சுற்று தாங்காது.

முதல் கட்டம்: அழிக்காதீர்கள், எழுதுங்கள்

1. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் கருவியைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்யுங்கள்.
2. பதிந்திருக்கும் எல்லா எண்களையும் எழுதுங்கள். நிலுவையில் உள்ளவை, அதாவது ‘பெண்டிங்’ என்று காட்டுபவை உட்பட.
3. ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தைத் திறங்கள். கோளாறு பதிந்த நொடியில் இன்ஜின் சுற்று, வேகம், கூலண்ட் சூடு, லோடு, ரெயில் பிரஷர் என்னவாக இருந்தன என்று அதில் இருக்கும். ஒன்று விடாமல் எழுதுங்கள் அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
4. இதற்குப் பிறகுதான் எண்ணை அழிக்கலாம். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கேட்காமலே எண்ணை அழித்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று சொல்லும் பட்டறை, உங்களிடம் இருந்த ஒரே சாட்சியைக் கலைத்துவிட்டது என்று பொருள்.

அடுத்த சில நாள் வண்டியை ஓட்டும்போது விளக்கு எப்போது எரிகிறது என்று குறித்து வையுங்கள். மழையிலா? வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாளா? வேகத்தடையில் குலுங்கும்போதா? நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? மேட்டில் ஏறும்போது மட்டுமா? இந்தக் குறிப்பு எந்த ஸ்கேனரைவிடவும் பயன் தரும். ஈரத்தில் வந்தால் கப்ளரைச் சந்தேகப்படுங்கள். குலுக்கலில் வந்தால் வயரை அல்லது தளர்ந்த பின்னை. சூட்டில் வந்தால் வயர் இன்சுலேஷனை அல்லது சென்சாரின் உட்பகுதியை. மேட்டில் மட்டும் வந்தால் டீசல் சப்ளையை.

விளக்கு தானாக அணைந்துவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் எண் இன்னும் நினைவில் இருக்கும். அது நீங்க இன்ஜின் 40 முறை குளிர்ந்து மீண்டும் சூடாக வேண்டும். அணைந்த விளக்குக்குப் பின்னாலும் படித்துப் பார்க்க விஷயம் இருக்கிறது.

இரண்டாம் கட்டம்: பேட்டரியும் எர்த்தும்

சென்சாரைத் தேடிப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

1. இன்ஜின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியை அளங்கள். 12.4 முதல் 12.7 வோல்ட் வரை இருக்க வேண்டும்.
2. ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.
3. ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.6 வோல்ட் வரை இருக்கும்.
4. இன்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு பழுது. சம்பந்தமில்லாத சென்சார் எண்கள் மாறி மாறி வருவதற்கு இது ஒரு காரணம்.
5. ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே டி.சி. வோல்ட் அளங்கள். 0.1-க்கு மேல் போனால் எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றி, துரு நீக்கி, பளபளவென்று சுத்தம் செய்து மீண்டும் முறுக்குங்கள். பாடிக்கும் இதே சோதனை.

மூன்றாம் கட்டம்: கண்ணும் கையும்

இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சார் கப்ளரிலிருந்து இ.சி.எம். வரை வயர் போகும் பாதை முழுவதையும் விளக்கு வைத்துப் பாருங்கள். எங்கே பார்ப்பது?

எலி கடித்த இடம் முதலில். இரவில் இன்ஜின் சூட்டுக்காக உள்ளே புகும் எலி, இன்ஜினின் மேற்புறத்திலும் ஃபயர்வாலை ஒட்டியும்தான் அதிகம் கடிக்கிறது. புழுக்கை, தேங்காய் நார், கடித்த ஸ்பாஞ்ச் துணுக்கு தென்பட்டால் அந்தப் பகுதியில் ஹார்னஸின் டேப்பைப் பிரித்தே பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் டேப் முழுதாகத் தெரியும். உள்ளே ஒரு வயர் மட்டும் பாதி அறுந்திருக்கும். அடுத்தது, கிளாம்ப் விட்டுப்போய் வயர் பிராக்கெட்டில் உரசும் இடம். அதற்கடுத்து, சூடான புகையை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். குழாய்க்கோ டர்போவுக்கோ அருகில் இன்சுலேஷன் கருகிய இடம்.

பிறகு கப்ளரைக் கழற்றுங்கள். லாக்கை அழுத்தி உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே பச்சை படிந்திருக்கிறதா, டீசலோ ஆயிலோ ஊறியிருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா, லாக் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை இன்ஜின்மேல் காட்டிய வண்டிகளில் சீல் மடங்கி, தண்ணீர் உள்ளே நின்றிருப்பது சாதாரணம். காண்டாக்ட் கிளீனர் அடித்து முழுதாகக் காய விடுங்கள். பெட்ரோல் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: பின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போனால் மூன்று மாதத்தில் மறுபடி பச்சை பிடிக்கும்.

குறிப்பு: கப்ளருக்குள் இருக்கும் பெண் பின் அகன்று போயிருக்கிறதா என்று பாருங்கள். அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி எடுத்தால் லேசான பிடிப்பு தெரிய வேண்டும். பிடிப்பில்லாமல் நழுவினால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. மீட்டர் முனையைப் பலவந்தமாகத் திணித்து முன்பு யாரோ சோதித்ததன் விளைவாக இது இருக்கலாம். நீங்களும் முன்பக்கமாக முனையைத் திணிக்காதீர்கள்.

நான்காம் கட்டம்: மூன்று அளவுகள்

பேட்டரியை மீண்டும் இணைத்து, இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். மீட்டரின் கறுப்பு முனை எப்போதும் பேட்டரி நெகட்டிவில்.

1. சப்ளை. கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்தில் 5 வோல்ட் பின்னை அளங்கள். 4.9 முதல் 5.1 வரை சரி. 0 என்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது 5 வோல்ட் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. 12 வோல்ட் காட்டினால் உடனே இக்னிஷனை அணையுங்கள். வேறொரு வயர் இதில் உரசுகிறது.
2. எர்த். கப்ளரை மாட்டி, எர்த் வயரின் பின்புறம் வழியாக பேக்-புரோப் ஊசியை நுழைத்து அளங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.
3. சிக்னல். கப்ளர் மாட்டியபடியே, இன்ஜின் நின்று பதினைந்து நிமிடமாவது ஆன பிறகு, சுமார் 0.5 வோல்ட். பிறகு ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். ரெயிலில் 300 பார் அளவு இருக்கும். சிக்னல் பெரும்பாலான வண்டிகளில் 1.1 முதல் 1.3 வோல்ட் வரை காட்டும். அதே நேரம் போனிலும் ரெயில் பிரஷரைப் பாருங்கள். சில செயலிகள் கிலோபாஸ்கலில் காட்டும். 30,000 கிலோபாஸ்கல் என்பதே 300 பார்.

எர்த் அளவில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1,600 பார் வரை அளக்கும் சென்சாரின் எர்த் பின்னில் பச்சை பிடித்து 0.3 வோல்ட் நிற்கிறது என்று வையுங்கள். ஓடாத இன்ஜினிலேயே 100 பாருக்கு மேல் அழுத்தம் இருப்பதாக இ.சி.எம். நினைக்கும். ஓடும்போது உண்மையான அழுத்தம் 300 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 200 சொச்சம் வந்ததுமே போதும் என்று பம்ப்பைக் குறைத்துவிடும். விளைவு: ஸ்டார்ட்டிங் ட்ரபிள், இழுவைக் குறைவு, எண் மட்டும் பதியாமலே இருக்கலாம். ஆகவே இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் போனில் காட்டும் ரெயில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்பதுதான் இந்த அத்தியாயத்திலேயே மிகச் சுலபமான, மிகப் பயனுள்ள சோதனை. ஸ்பேனர் எதுவும் வேண்டாம்.

சப்ளை 5 வோல்ட்டைவிட வெகுவாகக் குறைந்து, பல சென்சார்களின் எண்கள் ஒன்றாக வந்திருந்தால், குறிப்பாக பி 0641 அல்லது பி 0651 உடன் வந்திருந்தால், குற்றவாளி வேறொரு சென்சார். ஒரே 5 வோல்ட் லைனைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வயரிங் படத்தில் அந்த லைனில் உள்ளவற்றைப் பார்த்து, மீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றின் கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சாரோ அதன் வயரோதான் ஷார்ட்.

சுற்றைப் புரட்டிப் பார்த்தல்: பி 0193 வந்த வண்டியில், வயரும் இ.சி.எம்-உம் நல்லவையா என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. இக்னிஷனை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்தில் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் சிறு ஜம்பர் வயரால் இணையுங்கள். இக்னிஷனை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எண் பி 0192 ஆக மாறினால், இ.சி.எம். அந்த வயர் வழியாகச் சரியாகவே பார்க்கிறது; மிச்சம் சென்சாரும் அதன் பின்னும்தான். மாறாமல் 0193-ஆகவே நின்றால் சிக்னலோ எர்த்தோ வழியில் அறுந்திருக்கிறது. வயரிங் படம் கையில் இல்லாமல், எந்தப் பின் எது என்று உறுதியில்லாமல் இதைச் செய்யாதீர்கள். 12 வோல்ட்டை எந்தச் சென்சார் வயரிலும் கொடுக்கவே கூடாது.

அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள்: இந்தச் சென்சாரை ஓம்ஸில் அளப்பது ஒன்று. உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இன்னொன்று, வயரின் இன்சுலேஷனை ஊசியால் குத்தி அளப்பது. அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, செம்பு பச்சையாகி, அடுத்த மழைக்காலத்தில் புதிய கோளாறாக எழுந்து நிற்கும்.

ஐந்தாம் கட்டம்: அசைத்துப் பார்த்தல்

நின்றபடி அளந்தால் எல்லாம் சரி, ஓட்டினால் விளக்கு. இப்படி ஒளிந்து விளையாடும் கோளாறைப் பிடிக்கும் கட்டம் இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

1. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். மீட்டரைச் சிக்னல் வயரில் வைத்து மினிமம்-மேக்ஸிமம் பொத்தானை அழுத்துங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் செயலி சிலவற்றில் நொடிக்கு ஒரு முறைதான் அளவு மாறும். கணநேர விடுபாட்டை அது தவறவிடும்.
2. கப்ளரில் தொடங்கி, ஹார்னஸை ஒரு சாண் நீளத்துக்கு ஒருமுறை பிடித்து மெல்ல அசையுங்கள், வளையுங்கள், லேசாக இழுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று மீட்டரைப் பாருங்கள்.
3. 0.5 வோல்ட்டிலிருந்து அளவு துள்ளிய இடத்தில் நிறுத்துங்கள். அங்கே டேப்பைப் பிரியுங்கள்.
4. ஒன்றும் துள்ளவில்லை, ஆனால் உங்கள் குறிப்பில் ‘சூடானால் வருகிறது’ என்று இருக்கிறதா? ஹேர் டிரையரால் கப்ளரையும் அருகிலுள்ள வயரையும் சூடாக்கி மறுபடி அசையுங்கள்.
5. ‘மழையில் வருகிறது’ என்று இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது கைத்தெளிப்பானால் சாதாரணத் தண்ணீரை ஹார்னஸ்மேல் பூம்பனியாகத் தெளித்துப் பாருங்கள். இ.சி.எம்., ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் தெளிக்க வேண்டாம்.

வயரின் மேல் இன்சுலேஷன் நன்றாக இருந்து, உள்ளே செம்பு இழைகள் மட்டும் ஒடிந்திருப்பதும் உண்டு. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும்.

வயரைச் சரிசெய்யும் முறை

முறுக்கி டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. அடுத்த கோளாறுக்கு நாள் குறிப்பதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கெட்ட பகுதியைப் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள். அதே கனமுள்ள வயர்த் துண்டைச் சேர்த்து, சரியான பிளையரால் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உருகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். மூன்று வயரும் போயிருந்தால் மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள். பிறகு நெளிகுழாய்க்குள் செலுத்தி, பழைய கிளாம்ப்களிலேயே மாட்டுங்கள். இ.ஜி.ஆர். குழாயிலிருந்தும் டர்போவிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். கப்ளர் உடைந்திருந்தால் வயரோடு கூடிய புதுக் கப்ளர் தனியாகக் கிடைக்கும். கேபிள் டை போட்டு இறுக்கி ஓட்டாதீர்கள்.

பி 0087 வந்தவர்களுக்கு

மின் அளவுகள் எல்லாம் சரியென்றால் சென்சாரை விட்டுவிட்டு டீசலைப் பின்தொடருங்கள். செயலியில் தேவைப்படும் ரெயில் பிரஷர், உண்மையான ரெயில் பிரஷர் இரண்டையும் ஒன்றாகப் பதிய விட்டு, வேறொருவரை ஓட்டச் சொல்லி ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். தேவை ஏற ஏற உண்மை அளவு பின்தங்கி நின்றால் டீசல் வரத்துப் போதவில்லை.

முதலில் ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். அடுத்து, டாங்கிலிருந்து வரும் குழாய்களின் இணைப்பு: டீசல் வெளியே ஒழுகாமலே காற்றை உள்ளே இழுக்கும் வெடிப்பு உண்டு. ஃபில்டருக்குப் பின் ஒளி ஊடுருவும் குழாயை இடையில் வைத்தால் குமிழி ஓடுவது தெரியும். இதெல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லையென்றால் பம்ப்பின் அளவு வால்வு, ரெயிலின் பிரஷர் லிமிட்டர், இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் லீக் ஆகியவை மீதம். அவை நல்ல பம்ப் சர்வீஸ் கடையின் வேலை. வீட்டில் திறக்காதீர்கள்.

சென்சாரேதான் பழுது என்று உறுதியானால்

சப்ளையும் எர்த்தும் சரி, வயர் நல்லது, ஆனாலும் இன்ஜின் நின்றிருக்கும்போது சிக்னல் 0.5-ஐ விட்டு விலகியிருக்கிறது அல்லது தானாகத் துள்ளுகிறது. இப்போது சென்சாரை மாற்றலாம். பழைய சென்சாரின் உடம்பில் பொறித்த எண்ணைப் பார்த்து, அதே எண்ணுக்கு வாங்குங்கள். அழுத்த வரம்பு வேறான சென்சார் அதே கப்ளரில் பொருந்திவிடும், அளவு முழுக்கத் தப்பாகும். விலை பாதிக்கும் கீழே என்றால் டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரெயிலில் இருந்து இதைக் கழற்றுவது உயர் அழுத்தப் பக்கத்தைத் திறக்கும் வேலை. உலோகம் உலோகத்தோடு கடித்து அடைபடும் சீல் அது. தயாரிப்பாளர் சொல்லும் முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். டெஃப்ளான் டேப் போடக் கூடாது. ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். சில வண்டிகளில் சென்சாரைத் தனியாக மாற்ற அனுமதியே இல்லை, ரெயிலோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலையை அனுபவமுள்ள பட்டறையில் கொடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். கண்டுபிடிப்பு உங்களுடையதாக இருந்தாலே செலவில் பெரும்பகுதி மிச்சம்.

மற்ற சென்சார்களுக்கு

வரிசை அதேதான். சில தனிக் குறிப்புகள் மட்டும்.

- கிராங்க் சென்சார், பி 0335: சூட்டில் இன்ஜின் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆவது இதன் அடையாளம். முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.
- காற்று அளவு சென்சார், பி 0101: ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடியிருக்கிறதா, டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சென்சார். அதற்கென விற்கும் கிளீனரைத் தவிர எதையும் அடிக்காதீர்கள். உள்ளே விரல் படக் கூடாது.
- வெப்ப சென்சார்கள்: இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட், உள்ளிழுக்கும் காற்று, டீசல் சூடுகளைப் பாருங்கள். எல்லாம் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். தனித்து நிற்பதைச் சந்தேகியுங்கள்.
- மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார்: இன்ஜின் ஆஃபில் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், உதகையில் 77 அளவிலும் இருக்கும்.
- பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரின், அதாவது டி.பி.எஃப்-இன், வேறுபாட்டு அழுத்த சென்சார்: அதற்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ‘சாஃப்ட்வேரில் ஆஃப் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, ஃபில்டர் அடைத்து இன்ஜினையும் கெடுக்கும்.

உண்மையிலேயே சரியாகிவிட்டதா?

1. எண்ணை அழித்து, இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃபில் ரெயில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதை உறுதிசெய்யுங்கள்.
2. ஐட்லிங்கில் விட்டு, உயர் அழுத்தப் பக்கத்தில் எதையாவது தொட்டிருந்தால் அட்டைத் துண்டால் கசிவு பாருங்கள்.
3. நோட்டைத் திறந்து, ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே நிலையை உண்டாக்குங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில், 85 டிகிரி கூலண்ட் சூட்டில் பதிந்திருந்தால், தெருவை ஒரு சுற்று சுற்றி வருவது சோதனையாகாது. அந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். லைவ் டேட்டாவைப் பதிய விடுங்கள்; ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது.
4. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெண்டிங் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே கோளாறு அங்கே தலைகாட்டும்.
5. மழையில் வந்த கோளாறு என்றால் ஒரு மழை பார்க்கும்வரை கணக்கை மூடாதீர்கள்.

டீசல் வாடை, கசிவு, தொடர்ந்து வெள்ளைப் புகை, ஆயில் மட்டம் தானாக ஏறுவது, இ.சி.எம்-இன் உட்பழுதைக் காட்டும் பி 0606 ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வண்டியை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோங்கள். கொண்டுபோகும்போது எண்கள், ஃப்ரீஸ் ஃப்ரேம், மூன்று வயர்களிலும் அளந்த வோல்டேஜ், அசைத்தபோது துள்ளிய இடம் எல்லாம் எழுதிய பக்கத்தின் நகலை மெக்கானிக்கிடம் கொடுங்கள். அக்கறையுள்ள மெக்கானிக் அதைப் படித்துவிட்டு நேராக அந்த இடத்துக்குப் போவார். படிக்காமலே ‘சென்சார் மாத்திடலாம்’ என்று தொடங்கினால், வண்டியை அங்கே விடாதீர்கள்.